கைசர்ஸ்வெர்த்தும் பொம்மை நோயாளியும்



தாதியர் அவுஸ்பில்டுங்கில் சேர்ந்த பிள்ளைகள் முதல் மாதங்களில் வீட்டுக்கு வந்து, இன்று பொம்மையைக் குளிப்பாட்டினோம், பொம்மைக்கு ஊசி போட்டோம் என்று சொல்வார்கள். "இதுவும் ஒரு படிப்போ?" என்று கேட்கும் பெற்றோரும் எம்மிடையே உண்டு. இந்தக் கேள்விக்கான பதில் எமது நகரத்திலிருந்தே தொடங்குகிறது.

ஊ 79இல் ஏறி கிளெமென்ஸ்பிளாட்ஸில் இறங்கினால் கைசர்ஸ்வெர்த். 1929இல்தான் அது டுசல்டோர்ஃப்புடன் இணைக்கப்பட்டது. அதற்கு முன்னர் ரைன் நதிக்கரையில் தனியான சிற்றூராக இருந்தது. அங்கே 1836இல் தியோடோர் பிளீட்னர் என்ற புரட்டஸ்தாந்து போதகரும் அவரது மனைவி பிரீடரிக்கேயும் ஒரு வைத்தியசாலையையும், பெண்களை நோயாளர் பராமரிப்புக்குப் பயிற்றும் இல்லத்தையும் தொடங்கினார்கள். முதலாவதாகச் சேர்ந்தவர் ஒரு வைத்தியரின் மகளான கெர்ட்ரூட் ரைஹார்ட். நோயாளரைப் பார்ப்பது படிக்காதவர்களின் கூலிவேலை என்று பரவலாகக் கருதப்பட்ட காலத்தில், அதைக் கற்றுச் செய்யவேண்டிய பணியாக ஆக்கியது இந்த இல்லம்.

1850இல் இங்கே வந்து பார்த்த புளோரன்ஸ் நைட்டிங்கேல், 1851இல் திரும்பி வந்து ஏறக்குறைய மூன்று மாதங்கள் தங்கிப் பயின்றார். இங்கிருந்தவர்களின் அர்ப்பணிப்பை அவர் மிகவும் புகழ்ந்தார். ஆனால் தாதிமைப் பணியும் சுகாதாரமும் மோசமாக இருந்தன என்று பின்னாளில் கடுமையாகவே எழுதினார். நல்ல மனம் மட்டும் போதாது, முறையான பயிற்சியும் வேண்டும் என்பதே அதன் பொருள். 1860இல் லண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையில் அவரது பெயரால் தாதியர் பாடசாலை தொடங்கியது.

அங்கும் ஒரு சிக்கல் தீரவில்லை. மாணவி கட்டிலருகே நின்று கற்றாள் என்றால், அவளது முதல் பிழையைத் தாங்கியவர் உயிருள்ள ஒரு நோயாளி. அந்நாளில் வசதியுள்ளோர் வீட்டிலேயே வைத்தியம் பார்த்தார்கள். ஆகவே வைத்தியசாலையில் படுத்திருந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள்.

இதற்கு வழி விளையாட்டுப் பொருள் செய்பவர்களிடமிருந்து வந்தது. 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்பர்ட் வைத்தியசாலைத் தாதியர் பாடசாலைக்காக, பொம்மை செய்யும் மார்த்தா சேஸ் என்ற பெண்மணி ஆளளவு பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார். மாணவிகள் அதைத் தூக்கவும் புரட்டவும் உடை மாற்றவும் பழகினார்கள். 1960இல் நோர்வேயின் விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளர் ஆஸ்முண்ட் லேர்டால், மூச்சுக் கொடுத்துப் பழகுவதற்கான 'ஆன்' பொம்மையை உருவாக்கினார்.

கணக்கியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. வகுப்பில் இல்லாத கொம்பனிக்குக் கணக்கு எழுதுவோம். பரீட்சை மீதி பொருந்தாவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. எந்தப் பதிவு பிழை என்று தேடிப் பிடிப்பதே அங்கு பாடம்.

கல்வியாளர்களும் இதையே சொன்னார்கள். 1984இல் வெளியான தமது நூலில் டேவிட் கோல்ப், கற்றலை ஒரு வட்டமாகக் காட்டினார்: செய்தல், செய்ததை மீட்டுப் பார்த்தல், அதிலிருந்து விதியை உணர்தல், மறுபடி செய்து பார்த்தல். அதே ஆண்டு பற்றீசியா பென்னர், ஒரு தாதி புதியவர் நிலையிலிருந்து நிபுணராக ஐந்து படிகளில் வளர்கிறார் என்று விளக்கினார். ஆகவே பொம்மைக்கு ஊசி போடுவது பாடத்தின் பாதிதான். முடிந்தபின் ஆசிரியருடன் அமர்ந்து, எதை ஏன் செய்தோம் என்று பேசுவதே மறுபாதி.

ஜேர்மனியில் 2020 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, மூன்று வருடப் பயிற்சியில் குறைந்தது 2,100 மணித்தியாலங்கள் பாடசாலையிலும் 2,500 மணித்தியாலங்கள் வேலைத்தளத்திலும் கழியவேண்டும். வேலைத்தள நேரத்தில் குறைந்தது 10 வீதம் வழிகாட்டி ஒருவருடன் திட்டமிட்டுக் கற்பதாக இருக்கவேண்டும்.

எண்பதுகளில் அகதிகளாக வந்து இறங்கிய எம்மவர் பலர் இன்று முதுமையை எட்டிவிட்டார்கள். வலியை ஜேர்மன் மொழியில் சொல்லத் தெரியாமல் கட்டிலில் படுத்திருப்பவர் நாளை எமது அம்மாவாகவும் இருக்கலாம். அப்படியொருவரைக் கையாளவும் மாணவர்கள் முன்கூட்டியே பழகலாம். பாடசாலையில் ஒருவர் நோயாளியாக நடிக்க, மற்றவர் விசாரிப்பார்.

அதை வீட்டிலும் செய்யலாம். பிள்ளை பிறஷர் பார்க்கக் கேட்டால் கையை நீட்டுங்கள். கொஞ்ச நேரம் ஜேர்மன் தெரியாத நோயாளியாக இருந்து, பின்னர் எது விளங்கியது, எது விளங்கவில்லை என்று பிள்ளையிடம் சொல்லுங்கள்.