சுற்றிச் சுற்றி வந்த ஷவர்மா

மாடம்பாக்கத்தில் துருக்கி உணவகம் என்று பலகை மாட்டிய கடை எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் கேம்ப் ரோடு வரை ஒரு நடை போய்ப் பாருங்கள். நிமிர்ந்த கம்பியில் கோழிக்கறி சுழன்றுகொண்டிருக்கும். எதிரே நம் பேரன் பேத்திகள் காத்திருப்பார்கள். அந்த ஷவர்மாதான் நம் பக்கம் வந்து சேர்ந்த துருக்கிச் சாப்பாடு.

பெயரிலேயே பூர்வீகம் இருக்கிறது. துருக்கி மொழியில் 'செவிர்மே' என்றால் திருப்புதல். அதுவே அரபியரிடம் ஷவர்மா ஆயிற்று. துருக்கியர் இன்று சொல்லும் 'தோனர்' என்ற பெயருக்கும் சுழல்வது என்றே பொருள். முதலில் கம்பியைப் படுக்கை வசமாக வைத்துத்தான் ஆட்டுக்கறி சுட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில், ஒட்டோமான் ஆட்சிக் காலத்தில், கம்பி நிமிர்ந்தது. கொழுப்பு தணலில் சொட்டி வீணாகாமல் கறிமேலேயே வழிந்தது. 1855-இல் எடுத்த ஒரு புகைப்படத்திலேயே இந்த நிமிர்ந்த கம்பியைக் காணலாம்.

ஊர் ஊராக இதைக் கொண்டுபோனவர்கள் பிழைக்கப் போனவர்கள். 1961-இல் மேற்கு ஜெர்மனி ஒப்பந்தம் போட்டுத் துருக்கித் தொழிலாளர்களை அழைத்தது. அவர்களோடு இது பெர்லினுக்குப் போயிற்று. வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர்களோடு கேரளத்துக்கும் நமக்கும் வந்தது.

துருக்கி நமக்குப் புதிதும் அல்ல. டில்லி சுல்தான்களில் பலர் துருக்கிய வழியினர். 'துருக்கர்' என்ற பழைய சொல்தான் பேச்சில் 'துலுக்கர்' ஆகி, எல்லா முஸ்லிம்களையும் குறித்தது. ஸ்ரீரங்கத்தில் துலுக்க நாச்சியாரை முன்னிட்டுப் பெருமாளுக்கு இன்றும் ரொட்டி அமுது செய்விக்கிறார்கள். கோதுமை ரொட்டி கோயிலுக்குள்ளேயே இடம் பிடித்த ஊர் நம்முடையது.

இருந்தும் ஷவர்மா என்றால் வீட்டுப் பெரியவர்களுக்குப் பயம். பயத்துக்குக் காரணமும் உண்டு. 2022-இல் காசர்கோடு மாவட்டத்தில் ஒரு மாணவி இறந்தாள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி இறந்தாள். 2022-இல் நம் சுகாதார அமைச்சர், இது மேலை நாட்டு உணவு, அங்குள்ள தட்பவெப்பத்துக்குத்தான் ஏற்றது என்ற கருத்தில் பேசினார். ஆனால் ஷவர்மா வளர்ந்த டமாஸ்கஸ், பாக்தாத், துபாய் எல்லாம் நம்மைப் போலவே வெயில் காயும் ஊர்கள்.

கோளாறு செய்முறையில் இருக்கிறது. கம்பியில் வெளிப்புறம் மட்டுமே வேகும். உள்ளே பச்சைக் கறி. வெந்ததை மட்டும் மெல்லச் சீவ வேண்டும். கூட்டம் அதிகமானால் அவசரத்தில் ஆழமாகச் சீவிவிடுவார்கள். கூட்டம் இல்லையென்றால் அடுப்பை அணைத்துப் பிறகு பற்றவைப்பார்கள். வெதுவெதுப்பில் கிடக்கும் கறியில் கிருமி பெருகும். பச்சை முட்டை மயோனைசும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. 2025 ஏப்ரலில் தமிழக அரசு அதற்கு ஓராண்டு தடை போட்டது. லெபனானில் கோழி ஷவர்மாவுக்குத் தொட்டுக்கொள்ளும் 'தூம்' என்பது பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு மட்டுமே, முட்டையே கிடையாது.

காபியை நினைத்துக்கொள்ளுங்கள். இஸ்தான்புல்லில் 1633-இல் சுல்தான் நான்காம் முராத் காபிக் கடைகளை மூட உத்தரவிட்டார். நூறு ஆண்டுகளுக்கு முன் நம் பத்திரிகைகளும் காபியைக் குடியைக் கெடுக்க வந்த அந்நியப் பானம் என்று திட்டின. இன்று டிகாக்ஷன் இறங்காத வீட்டில் பொழுது விடிவதில்லை.

அதனால், 'இது நம்ம சாப்பாடு இல்லை' என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பயனில்லை. அவர்கள் கேட்கவும் மாட்டார்கள். கம்பி ஓயாமல் சுழல்கிறதா, அடுப்பு எரிகிறதா, சீவிய கறியைத் தோசைக்கல்லில் மறுபடி வாட்டித் தருகிறார்களா என்று பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். மயோனைஸ் வேண்டாம் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் திரும்பி வந்துவிடலாம்; வீட்டில் தோசை மாவு இருக்கிறது.