தத்தெடுப்பு நூல்கள்

தத்து எடுத்தவர்கள், தத்தாக வந்தவர்கள், பிள்ளையைக் கொடுத்துவிட்ட தாய்மார்கள் ஆகிய மூன்று தரப்பினருக்காகவும், பல வேளைகளில் அவர்களாலேயே, எழுதப்பட்ட நூல்கள். வழிகாட்டிகள், சிறுவர் கதைகள், தன்வரலாறுகள், கவிதை, புதினம் எல்லாம் இதில் அடங்கும். ஆலோசகர்கள் பரிந்துரைப்பவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளிவந்தவை. சட்ட நூல்களை இந்த வகையில் சேர்ப்பது வழக்கமில்லை. ஆனாலும் இந்தியாவில் இந்தப் பொருள் பற்றிய எழுத்து அங்கேதான் தொடங்குகிறது.

சுவீகார நூல்கள்

மனுஸ்மிருதி பன்னிரண்டு வகைப் புதல்வர்களைக் கணக்கிடுகிறது. பெற்றோர் நீர் வார்த்துக் கொடுத்த பிள்ளை தத்தன். விலைக்கு வாங்கியவன் கிரீதன். பெற்றோர் கைவிட, இன்னொருவர் எடுத்து வளர்த்தவன் அபவித்தன். இன்று காப்பகத்திலிருந்து வீட்டுக்கு வரும் குழந்தையை இந்தப் பட்டியலில் வைக்க வேண்டுமென்றால் தத்தனைவிட அபவித்தனுக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். பிற்காலத்தில் பெற்ற மகனைத் தவிர மற்ற வகைகள் வழக்கொழிய, தத்தனே நிலைத்தான்.

அவனுக்கென்றே எழுந்த நூல்களில் முதன்மையானவை இரண்டு: 17ஆம் நூற்றாண்டில் காசியில் நந்த பண்டிதர் எழுதிய தத்தக மீமாம்சை, குபேரர் பெயரில் வழங்கும் தத்தக சந்திரிகை. சகோதரியின் மகனை எடுக்கலாமா, முடியிறக்கும் சடங்கு முடிந்த பிள்ளை தத்துக்கு ஆகுமா என்று இவை நுணுக்கமாக வாதிடுகின்றன. பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்று நந்த பண்டிதர் துணிந்தார். தசரதன் மகள் சாந்தையை உரோமபாதன் வளர்த்ததும் குந்தி குந்திபோஜனிடம் வளர்ந்ததும் அவர் காட்டிய சான்றுகள். நீதிமன்றங்கள் இதை ஏற்கவில்லை. மகளைத் தத்தெடுக்கும் உரிமை 1956இன் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தில்தான் வந்தது.

இரு நூல்களையும் சதர்லாந்து என்பவர் ஆங்கிலத்தில் பெயர்த்து 1821இல் கல்கத்தாவில் வெளியிட்டார். சமஸ்கிருதம் அறியாத நீதிபதிகளுக்கு அதுவே கைநூலாயிற்று. இராமநாதபுரம் ஜமீனின் விதவை ராணி செய்த சுவீகாரம் செல்லுமா என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கணவன் அனுமதி இல்லாவிட்டாலும் பங்காளிகள் சம்மதித்தால் தென்னாட்டு விதவை சுவீகாரம் செய்துகொள்ளலாம் என்று 1868இல் தீர்ப்பானது. பிண்டம், கோத்திரம், சொத்து மூன்றையும் அலசிய இந்த எழுத்துக்குள் வீடு மாறிய பிள்ளையின் மனம் ஓர் இடத்திலும் நுழையவில்லை.

சொல்லும் கதைகள்

குழந்தையிடம் அது தத்தாக வந்தது என்ற உண்மையைச் சொல்வதற்கென்று எழுதிய கதைகளில் பெயர்பெற்றது வாலன்டினா வாசன் எழுதிய ‘சோசன் பேபி’ (1939). தேர்ந்தெடுத்த குழந்தை என்பது தலைப்பின் பொருள். ஆசிரியர் ரஷ்யாவில் பிறந்த குழந்தை மருத்துவர். கணவரோடு சேர்ந்து காளான்களைப் பற்றியும் பெரிய நூல் எழுதியவர். பிள்ளை இல்லாத தம்பதி ஓர் அலுவலகத்துக்குப் போகிறார்கள், அங்குள்ள அம்மாள் நிறையக் கேள்வி கேட்கிறார், காத்திருக்கச் சொல்கிறார், ஒருநாள் குழந்தையைக் காட்டுகிறார். இவ்வளவுதான் கதை. பெற்றவளுக்கு இதில் பங்கில்லை. அமெரிக்க வீடுகளில் ஒரு தலைமுறை இதைக் கேட்டே தூங்கியது. பள்ளி வயதுக்கு முன்பே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது இன்று நிலைபெற்ற வழக்கம். அதற்கு வழி திறந்தவற்றில் இந்தச் சிறு நூலும் ஒன்று. நடிகை ஜேமி லீ கர்ட்டிஸ் 1996இல் எழுதிய சிறுவர் நூலில் குழந்தையே தான் பிறந்த இரவின் கதையைத் திரும்பச் சொல்லும்படி கேட்கிறது.

தத்துப் பிள்ளைகளின் குரல்

இரண்டு முறை தத்துக் கொடுக்கப்பட்ட ஜீன் பேட்டன் பத்திரிகையில் விளம்பரம் செய்து, வளர்ந்துவிட்ட 40 தத்துப் பிள்ளைகளின் அனுபவங்களைத் திரட்டி 1954இல் நூலாக்கினார். பத்தாண்டு கழித்து, தாமும் தத்துத் தந்தையான சமூகவியலாளர் டேவிட் கிர்க் ‘ஷேர்ட் ஃபேட்’ நூலை வெளியிட்டார். பெற்ற பிள்ளைக்கும் தத்துப் பிள்ளைக்கும் வித்தியாசமே இல்லை என்று மறைக்கும் வீட்டைவிட அதை ஒப்புக்கொள்ளும் வீட்டில்தான் உறவு நிமிர்ந்து நிற்கும் என்பது அவர் கண்டது. தத்துப் பிள்ளைகளே பார்க்க முடியாதபடி முத்திரையிட்ட பிறப்புப் பதிவுகளைத் திறக்கக் கோரிய இயக்கத்துக்கு ஃபுளோரன்ஸ் ஃபிஷர் (1973), பெட்டி ஜீன் லிஃப்டன் (1975) ஆகியோரின் தன்வரலாறுகள் உரமிட்டன.

பிராட்சின்ஸ்கியும் வேறு இருவரும் எழுதிய ‘பீயிங் அடாப்டட்’ (1992) தத்துப் பிள்ளையின் மனம் பிறந்தது முதல் முதுமைவரை போகும் வழியை நிதானமாக விளக்குகிறது. அடுத்த ஆண்டு வந்த நான்சி வெரியரின் ‘பிரைமல் வூண்ட்’ அதைவிடப் பரபரப்பாகப் பேசப்பட்டது. தாயைப் பிரிந்த புண் ஆறுவதே இல்லை என்ற அதன் வாதம் ஆய்வைவிட அனுபவத்தையே நம்பி நிற்பதால், புதிதாகத் தத்தெடுத்தவர்கள் முதல் நூலாக இதை எடுக்க வேண்டியதில்லை.

இலக்கியத் தரத்தில் முன்னிற்பவர் ஸ்காட்லாந்துக் கவிஞர் ஜாக்கி கே. ‘அடாப்ஷன் பேப்பர்ஸ்’ (1991) தொகுப்பில் மகள், வளர்த்த தாய், பெற்ற தாய் மூவரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். மூவருக்கும் மூன்று வேறு எழுத்துரு. யார் பேசுவது என்பது பெயர் போடாமலே தெரியும்.

பெற்ற தாய்மார்கள் கடைசியாகத்தான் நூலுக்குள் வந்தார்கள். தாமும் தத்துப் பிள்ளையான ஆன் ஃபெஸ்லர், இரண்டாம் உலகப்போர் முடிந்ததிலிருந்து 1973 வரை மணமாகாமல் பெற்று, பிள்ளையைக் கொடுக்கும்படி ஆக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களை நேர்கண்டு 2006இல் ஒரு நூல் எழுதினார்.

இந்திய, தமிழ்ச் சூழல்

வெளிநாடு சென்ற பிள்ளைகள் எழுதியவற்றில் பம்பாயிலிருந்து 1974இல் பார்சிலோனா போன ஆஷா மீரோவின் ‘கங்கையின் மகள்’ (2003), சாரூ பிரையர்லியின் ‘எ லாங் வே ஹோம்’ (2013) இரண்டும் பரவலாகப் படிக்கப்பட்டவை. ஐந்து வயதில் ரயிலில் தூங்கி ஹௌரா வந்து சேர்ந்து, ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் வளர்ந்த சாரூ, செயற்கைக்கோள் படத்தில் தண்டவாளங்களைத் தொடர்ந்து போய், ஒரு நிலையத்தின் தண்ணீர்த் தொட்டியைக் கண்டு ஊரை மீட்டெடுத்தார்.

தமிழில் இந்தப் பொருள் நூலைவிடத் திரையில்தான் ஊன்றியது. ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) படத்தின் அமுதாவுக்கு ஒன்பதாம் பிறந்தநாளில் உண்மை சொல்லப்படுகிறது. கேட்டவுடன் அவள் கேள்வியெல்லாம் பெற்றவளைப் பற்றியே.

இந்தியப் பெற்றோருக்கு அலோமா லோபோவும் ஜெயப்ரியா வாசுதேவனும் எழுதிய பெங்குவின் வழிகாட்டி (2002), வினீதா பார்கவாவின் ஆய்வு நூல் (2005) ஆகியவை உண்டு. தத்து ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் 2021இன் சட்டத் திருத்தத்தால் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாறிவிட்டது; அதற்கு முன் அச்சான கையேடுகளின் நடைமுறைப் பகுதிகளை நம்பி மனுப் போடலாகாது.