மசக்கையும் மருந்தும்: வரலாறு தரும் பாடம்

பிள்ளையைச் சுமக்கும் தாய் படும் தளர்ச்சியைத் திருக்குர்ஆன் (31:14) நினைவூட்டி, பெற்றோருக்கு நன்றியுடையோராய் இருக்குமாறு நம்மை ஏவுகிறது. அத்தளர்ச்சியைப் பெண்கள் பலர் முதலில் உணர்வது மசக்கையில்தான். அதைத் தணிக்க என்ன கொடுப்பது என்னும் கேள்வி பழமையானது. அதற்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கையும் பழமையானது.

அப்பாசியர் காலத்துப் பக்தாதில், ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (மறைவு கி.பி. 873) கிரேக்க மருத்துவ நூல்கள் பலவற்றை அரபியில் பெயர்த்தார். ஹிப்போகிரட்டஸின் பெயரால் வழங்கும் மருத்துவ முதுமொழித் தொகுப்பும் அவற்றுள் ஒன்று. கர்ப்பிணிக்குப் பேதி மருந்து கொடுக்க நேர்ந்தால் 4 முதல் 7 மாதம் வரையிலேயே கொடுக்கலாம், அதற்கு முன்னும் பின்னும் அஞ்ச வேண்டும் என்பது அதில் காணும் விதி. இளங்கருவின் மென்மையை அன்றே உணர்ந்திருந்தனர்.

இந்த எச்சரிக்கை 20ஆம் நூற்றாண்டில் மறக்கப்பட்டது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. தீங்கற்றது என விளம்பரம் செய்யப்பட்ட அதனைக் கர்ப்பிணிகள் மசக்கைக்கும் உட்கொண்டனர். கை கால் வளர்ச்சி குன்றிப் பிறந்த குழந்தைகள் 10,000க்கும் மேற்பட்டோர். 1961 நவம்பரில் அந்நாட்டில் அம்மருந்து திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவிலோ, போதிய சான்று இல்லையென்று ஃபிரான்சஸ் கெல்சி என்னும் அதிகாரி அனுமதி மறுத்தமையால் பெருந்துயர் தவிர்க்கப்பட்டது.

ஆகவே மசக்கைக்கு முதலில் உணவையே நாடுவோம். காலையில் எழுமுன் வறண்ட ரொட்டித் துண்டு, வயிறு காலியாகாதபடி சிறுகச் சிறுக உணவு, மிடறு மிடறாக நீர் ஆகியவை உதவும். சுவனத்துப் பானத்தின் கலவையாகத் திருக்குர்ஆன் (76:17) கூறும் ‘ஸன்ஜபீல்’ நம் இஞ்சியே. நாளொன்றுக்குச் சுமார் 1 கிராம் சுக்குத்தூளைப் பிரித்து உட்கொள்வது குமட்டலைத் தணிப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்ட பின்னரே இதனைக் கொள்ள வேண்டும்.

மறுபுறம், “மசக்கைதானே” என்று அலட்சியம் செய்வதும் தவறு. ஒரு நாள் முழுவதும் நீரும் தங்காவிடில், 8 மணி நேரம் சிறுநீர் பிரியாவிடில், மயக்கமோ எடைக்குறைவோ காணின், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நன்கு ஆராயப்பட்ட மருந்துகள் இன்று உள்ளன. மருத்துவர் தந்தால் தயங்க வேண்டியதில்லை. அச்சம் வேண்டியது நாமாகக் கடையில் வாங்கும் மாத்திரைக்கும், உட்பொருள் அறியாத சூரணத்துக்குமே.

கர்ப்பிணிக்கு நோன்பிலும் சலுகை தந்த மார்க்கம் நம்முடையது. அச்சலுகையை அவள் பயன்படுத்தும்போது குறை கூறாதிருப்பதும், அடுக்களைச் சுமையைப் பகிர்ந்துகொள்வதும் கணவர், மாமியார் உள்ளிட்ட நம் அனைவரின் கடமை. கருவுற்ற தாய்மார் அனைவருக்கும் அல்லாஹ் ஆரோக்கியத்தையும் இலகுவான பேற்றையும் அருள்வானாக. ஆமீன்.