பதின்வயதுப் பசியும் பள்ளிக்கூடச் சோறும்

உடம்பு வேகமாக வளரும் பருவம் பதின்வயது. வயிறு நிறையச் சாப்பிட்டாலும் சற்று நேரத்தில் மறுபடி பசிக்கும். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட வரலாற்றைப் பார்த்தால், இந்த வயதினரின் முறை பெரும்பாலும் கடைசியில்தான் வந்திருக்கிறது.

நூறு வருடங்களுக்கு முன்பு பெரும்பாலான கிராமங்களில் உயர்நிலைப்பள்ளி கிடையாது. மேலே படிக்கப் பட்டணம் வந்தாக வேண்டும். அப்படி வந்த ஏழை பிராமணப் பையன்களுக்கு இருந்த வழி "வாரச் சாப்பாடு". திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை வேறு வீடு என்று ஏழு நாளைக்கு ஏழு வீடு. ஏதாவது ஒரு வீட்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டால் அன்று பட்டினிதான். மற்ற சாதி ஏழைப் பிள்ளைகளுக்கு இந்த வழியும் இல்லை.

1905ல் சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் முயற்சியால் மயிலாப்பூரில் ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் தொடங்கியது. முதலில் ஏழு மாணவர்கள். தங்க இடம், படிப்பு, வேளாவேளைக்குச் சாப்பாடு எல்லாம் ஓரிடத்தில் கிடைத்தன. 1921ல் பெரிய கட்டடமும் வந்தது. ஆனால் ஒரு விடுதி எத்தனை பேருக்குத்தான் சோறு போட முடியும்?

அரசு அமைப்பு ஒன்று அந்தப் பொறுப்பை ஏற்றது 1920ல். சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் இலவச உணவு வழங்கத் தீர்மானித்தது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. தொடக்கக் கல்வி நிதியை இதற்குச் செலவிட அன்றைய அரசு சம்மதிக்காததால் 1925ல் திட்டம் நின்று, பிறகு மீண்டும் தொடங்கியது.

1956ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதும் கொண்டுவந்தார். 1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. இவை எல்லாமே முதலில் சின்னப் பிள்ளைகளுக்குத்தான். 10 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களுக்குச் சத்துணவு 1984ல்தான் கிடைத்தது. அதாவது ஆயிரம் விளக்குப் பள்ளிக்கு 64 வருடங்கள் கழித்து!

காலை உணவுக் கதையும் இதே மாதிரிதான். 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு அது விரிவானபோது, தொடக்க விழா நடந்தது மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றில். அந்த விரிவாக்கமும் ஐந்தாம் வகுப்போடு நின்றது.

ஆறாம் வகுப்புக்குப் போனவுடன் பசி நின்றுவிடுவதில்லை. காலையில் வெறும் காபியோ டீயோ குடித்துவிட்டு ஓடுவது, இடைவேளையில் சிப்ஸ் பாக்கெட்டால் வயிற்றை நிரப்புவது, இதையெல்லாம் பிள்ளைகளின் கெட்ட பழக்கம் என்று திட்டுகிறோம். வீட்டில் எல்லோரும் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விட்டால் அந்தப் பிள்ளை வேறு என்ன செய்யும்? இதில் அதிகம் பாதிக்கப்படுவது பெண் பிள்ளைகள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

வாரச் சாப்பாட்டுப் பையனுக்கு ஏதாவது ஒரு நாள்தான் பட்டினி. காலையில் சாப்பிடாமல் வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தினமும் மதிய மணி அடிக்கும் வரை பட்டினி.