நலங்குமாவும் உட்டணேயும்

தீபாவளி நெருங்கும் நாள்களில் சிஞ்ச்வட் கடைவீதியில் அகல்விளக்குகளுக்குப் பக்கத்திலேயே சிறுசிறு பொட்டலங்களாக ஒரு பொடி விற்பதை நம் குடும்பத்தார் அனைவரும் கண்டிருப்பர். உட்டணே என்பது அதன் பெயர். பிம்பிரியில் 1954-இல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டு, அதன்பின் இவ்வட்டாரமே தொழில்நகரமாக மாறிய காலத்தில், பிழைப்பை நாடி இங்கு வந்து சேர்ந்த நம்மவர்க்கு மொழி புதிது, உணவு புதிது, குளிரும் புதிது. ஆயினும் அடுத்த வீட்டு மராத்தி அம்மையார் அன்போடு கொடுத்த அப்பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்த மாத்திரத்தில், “இது நம் நலங்குமாவு அல்லவா!” என்று வியவாத தமிழ்ப் பெண்மணி இருந்திருக்க மாட்டார்.

வியப்புக்குக் காரணம் உண்டு. நரக சதுர்த்தசியன்று பொழுது புலருமுன் எண்ணெய் தேய்த்து நீராடுவது இரு நாட்டார்க்கும் பொது. நாம் அதைக் கங்கா ஸ்நானம் என்கிறோம். அவர்கள் அப்யங்க ஸ்நானம் என்கின்றனர். ‘காரீட்’ என்னும் கசப்புக்காயை நரகாசுரனாகப் பாவித்துக் காற்பெருவிரலால் நசுக்குவது மட்டும் அவர்களுக்கே உரிய வழக்கம். நம் பிள்ளைகள் அதை ஆவலோடு கற்றுக்கொண்டு விட்டனர்! பொடியில் சேரும் சரக்குகளும் பெரும்பாலும் ஒன்றே. நம் கோரைக்கிழங்கு இங்கே நாகர்மோதா. நம் வெட்டிவேர் இங்கே வாளா. நாம் பச்சைப்பயற்றை அடிப்படையாகக் கொள்ள, இங்கே மசூர்ப் பருப்பையும் முல்தானி மண்ணையும் சேர்ப்போர் உளர்.

உட்டணே என்ற சொல் ‘உத்வர்த்தனம்’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. பொடியால் உடம்பைத் தேய்த்தல் என்பது அதன் பொருள். வாக்படர் தம் அஷ்டாங்க ஹிருதயத்தில் நாள்தோறும் செய்யவேண்டியவற்றைக் கூறுமிடத்து எண்ணெய் தேய்த்தல், உடற்பயிற்சி, உத்வர்த்தனம், நீராட்டு என முறைப்படுத்துகிறார். 12-ஆம் நூற்றாண்டில் கலியாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசத்தில் அரசரின் நீராட்டுக்கென்றே தனிப்பகுதி உண்டு. நம் சிலப்பதிகாரமோ, பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரில் மாதவி கூந்தலாடியதைக் கடலாடு காதையில் கூறுகிறது. அரண்மனைக்கும் நாடகக் கணிகைக்கும் இவ்வளவு ஆரவாரம். குடியானவர் வீட்டிலோ பயற்றமாவும் மஞ்சளும் போதும். பயன் என்னவோ ஒன்றுதான்.

அப்பயன் யாது? நம் தோலின் மேற்படலம் இறந்த அணுக்களால் ஆனது. அடியிலிருந்து புதிய அணுக்கள் மேலெழுந்து வர, ஏறக்குறைய ஒரு மாதத்தில் பழையவை உதிர்கின்றன. குறுணையில்லாத பயற்றமாவு அவ்வாறு உதிரக் காத்திருப்பவற்றை மெல்ல உரசி நீக்குகிறது. மிகுதியான எண்ணெயையும் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. எண்ணெய் முன்னும் மாவு பின்னுமாக நம் முன்னோர் வகுத்த வரிசை இதனாலேயே பொருந்துகிறது. அழுத்தித் தேய்த்தால் அழகு கூடும் என்பது வீண் எண்ணம். தோல் சிவந்தால் அளவு கடந்துவிட்டது என்று கொள்ளவேண்டும். சிலர் சேர்க்கும் கார்போக அரிசியை நாம் விலக்குகிறோம். அதைப் பூசியபின் வெயில் பட்டால் தோல் புண்ணாகக்கூடும்.

மைசூர் அரசு 1916-இல் பெங்களூரில் சோப்புத் தொழிற்சாலை அமைத்தது. அதற்கு முன்னும் பின்னும் வந்த பலவகைச் சோப்புகளால் மாவுச் சம்புடம் குளியலறையை விட்டு அகன்று, பண்டிகைக்கும் திருமணத்துக்கும் மட்டும் உரியதாயிற்று. அதனை நாம் குறையாகச் சொல்லவில்லை. குறை வேறிடத்தில் இருந்தது.

1995-ஆம் ஆண்டு மார்ச் மாதம், மஞ்சட்பொடியால் புண் ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருப்பது அங்கே புதுக் கண்டுபிடிப்பாயிற்று! இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு இதை எதிர்த்தது. அப்போது அதன் தலைவராயிருந்த டாக்டர் ரகுநாத் மஷேல்கர், முன்னர் நம் புனேயிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக விளங்கியவர். கோடானுகோடிப் பாட்டிமார் இதை அறிவர் என்று சொல்வது அன்றைய அமெரிக்கச் சட்டத்தின் முன் செல்லாது. வெளிநாட்டில் ஒரு செய்தி முன்பே தெரிந்திருந்தது என்பதற்கு அச்சில் வந்த சான்று வேண்டும். ஆதலின் சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்கள் உள்ளிட்ட 32 சான்றுகள் திரட்டப்பட்டன. இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் 1953-இல் வந்த கட்டுரையும் அவற்றுள் ஒன்று. 1997-இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. பின்னர், 2001-இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகத்தில் நம் சித்த மருத்துவ நூல்களும் இடம்பெற்றன.

ஆனால் அந்நூலகம் நூல்களிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நம் வீட்டு நலங்குமாவுக்கு நூல் ஏது? “கைப்பிடி”, “கண்ணளவு” என்பனவே கணக்கு. ஊரிலிருந்து பொடி அனுப்பிய மூதாட்டி மறைந்தால் கணக்கும் மறையும். ஆதலால் காலனித் தாய்மார் சிலரோடு கலந்து, தராசில் நிறுத்த அளவை இம்மலரில் அச்சேற்றுகிறோம்: பச்சைப்பயறு 500 கிராம், கடலைப்பருப்பு 250 கிராம், கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு, உலர்ந்த ஆவாரம்பூ, உலர்ந்த ரோஜா இதழ் வகைக்கு 50 கிராம், வெட்டிவேர் 25 கிராம். நிழலில் உலர்த்தி அரைத்து, மெல்லிய துணியில் சலித்துக் கொள்க. நீரில் குழைத்து, கண்ணில் படாமல் பூசி, காய்ந்து இறுகுமுன் கழுவுக. வாரம் ஒருமுறை போதும். மார்கழி, தை மாதத்துப் புனேக் குளிரில் தோல் வறண்டு வெடிக்குமாதலால், அம்மாதங்களில் மாவைக் குறைத்து நல்லெண்ணெயைச் சற்றுக் கூட்டிக்கொள்க.