பேஸ்மென்றுக்குள் நுழையாத அலை

2010ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் சில வாரங்கள் ரொறன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவில், மைத்துனர் ஒருவருடன் தங்கியிருந்தேன். அவர் இருந்தது முழு வீடு அன்று. ஒரு வீட்டின் பேஸ்மென்ற். சலவை இயந்திரத்துக்கு மேலே, நிலத்தோடு ஒட்டியவாறு ஒரு சிறு யன்னல். அந்த யன்னல் விளிம்பிலேதான் அவருடைய கையடக்கத் தொலைபேசி இரவும் பகலும் கிடந்தது. சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டிய பொருள் ஏன் அங்கே கிடக்கிறது என்று கேட்டேன்.

“ரோட்டிலை நிண்டா நல்லாக் கேக்கும் மச்சான். வீட்டுக்குள்ளை உந்த யன்னலடியிலை மட்டுந்தான் ஒரு கோடு நிக்குது” என்றார்.

அவர் அண்மையில்தான் கொம்பனி மாறியிருந்தார். மாதம் எண்பது டொலருக்கு மேல் கட்டி வந்தவர், பாதிக் காசுக்கு எல்லையற்ற அழைப்புகள் என்றதும் மாறிவிட்டார். எந்தக் கொம்பனி என்பது இங்கு அவசியமில்லை. அந்த ஆண்டில் அந்நகரில் புதிதாகக் கடை திறந்தது ஒன்று மட்டுமல்ல. ஆனால் மலிவான தொலைபேசி ஏன் பேஸ்மென்றுக்குள் வேலை செய்யவில்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

கனடாவில் கையடக்கத் தொலைபேசிச் சேவை 1985 யூலை முதலாந் திகதி ஆரம்பமானது. அன்று ரொறன்ரோ மேயர் ஆர்ட் எகிள்ரன், மொன்றியல் மேயர் ஜோன் டிறப்போவை அழைத்துப் பேசினார். கையில் இருந்த கருவியின் எடை நான்கரைக் கிலோ அளவில். ஒவ்வொரு பிரதேசத்துக்கும் இரண்டு உரிமங்களே வழங்கப்பட்டன. ஒன்று, பின்னர் ரொஜர்ஸ் ஆகிய கான்ரெல் நிறுவனத்துக்கு; மற்றையது அந்தந்தப் பிரதேசத்தின் பழைய தொலைபேசிக் கொம்பனிக்கு. ஒன்ராறியோவில் அது பெல். இவர்களுக்குக் கிடைத்தது 850 மெகாஹேர்ட்ஸ் அளவிலான அலைவரிசை. சுவரைத் துளைத்துச் செல்லும் அலை அது. இதன் பெறுமதி பின்னர்தான் தெரியவந்தது.

1990களின் நடுப்பகுதியில் மேலும் இருவர் வந்தனர். கிளியர்நெற்றும், ஃபிடோ என்ற பெயரில் சேவை நடத்திய மைக்றோசெல்லும். 2000ஆம் ஆண்டில் கிளியர்நெற்றை ரெலஸ் வாங்கியது. மைக்றோசெல் 2003இல் வன்கூவரிலும் அடுத்த ஆண்டு ரொறன்ரோவிலும் ‘சிற்றி ஃபிடோ’ என்ற திட்டத்தை அறிமுகப்படுத்தியது. மாதம் நாற்பது டொலர். நகருக்குள் எவ்வளவும் பேசலாம். வீட்டுத் தொலைபேசியே தேவையில்லை. 2004 முடியுமுன் மைக்றோசெல்லை 140 கோடி டொலருக்கு ரொஜர்ஸ் வாங்கிவிட்டது. எஞ்சியவை மூன்று பெரிய கொம்பனிகள்.

அந்த மூவரின் காலத்தை ரொறன்ரோத் தமிழர் மறந்திருக்க மாட்டார்கள். மூன்று ஆண்டு ஒப்பந்தம். மாதாந்தம் 6.95 டொலர் அளவில் ‘சிஸ்ரம் அக்செஸ் கட்டணம்’. அது அரசாங்க வரி என்றே பலர் எண்ணியிருந்தனர். உண்மையில் அது கொம்பனிகளின் சொந்த வசூல். பகல் நிமிடங்கள் எண்ணப்படும்; மாலை ஏழு, எட்டு, ஒன்பது என்று ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு மணிக்குப் பின்னரே இலவசம். இலங்கைக்குப் பேசத் தமிழ்க் கடையில் அழைப்பு அட்டை வாங்கினாலும், அந்த அட்டையின் உள்ளூர் இலக்கத்தை அழைப்பதற்கு இந்த நிமிடங்களே செலவாகும். கோடையில் ரொறன்ரோவில் இரவு ஒன்பது மணியென்றால் யாழ்ப்பாணத்தில் மறுநாட் காலை ஆறரை. ஊரில் தேநீர் வைக்கும் நேரத்தில் வெளிநாட்டுத் தொலைபேசி அடித்ததன் காரணங்களுள் இந்தக் கட்டண அட்டவணையும் ஒன்று.

கட்டணம் கசந்தாலும் கொம்பனியை விட்டு விலகப் பலர் தயங்கினர். விலகினால் எண் போய்விடும். எண் போனால் என்ன, புதிய எண்ணைச் சொல்லிவிடலாமே என்று கேட்கக்கூடியவர்களுக்கு, போரில் இடம்பெயர்ந்த உறவினர் இருந்திருக்க மாட்டார்கள். வன்னியில் ஊர் ஊராக ஓடியவர்களிடம் புதிய எண்ணை எப்படிச் சேர்ப்பது? அவர்கள் மனப்பாடமாக வைத்திருந்தது ஒரே ஒரு வெளிநாட்டு எண். முகாமிலிருந்தோ வைத்தியசாலையிலிருந்தோ யாருடைய தொலைபேசியையாவது இரவல் வாங்கி அழைக்க நேர்ந்தால், அழைக்கப்போவது அந்த எண்ணையே. என் மைத்துனர் தம் பழைய கொம்பனியில் ஆண்டுக்கணக்காக இருந்ததற்கு இதுவே காரணம் என்று பின்னர் சொன்னார்.

எண்ணுடன் கொம்பனி மாறும் வசதி சிங்கப்பூரில் 1997இலும், ஹொங்கொங்கில் 1999இலும், அமெரிக்காவில் 2003 நவம்பரிலும் வந்துவிட்டது. கனடாவின் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவான சீ.ஆர்.ரி.சி. 2005 இறுதியில் உத்தரவிட்டு, 2007 மார்ச் 14ஆந் திகதிதான் அது நடைமுறைக்கு வந்தது. வீட்டுத் தொலைபேசி எண்ணைக்கூடக் கையடக்கத் தொலைபேசிக்கு எடுத்துச் செல்லலாம் என்றாயிற்று. ஒரு நிபந்தனையை மட்டும் மறக்கக்கூடாது: பழைய கணக்கை முதலில் மூடிவிட்டால் எண் கைவிட்டுப் போகும். புதிய கொம்பனியே பழையதிடமிருந்து எண்ணைக் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் மாறிப் போவதற்கு இருந்தவர்கள் அந்த மூவர்தாமே! ஒரே விலைப்பட்டியலை மூன்று வண்ணங்களில் அச்சிட்ட கடைகளுக்கிடையே எண்ணைக் காவிச் செல்வதால் பெரிய பயன் விளையவில்லை.

போட்டிக்கு வழிவிட வேண்டுமென்று கருதிய அரசாங்கம் 2008இல் புதிய அலைவரிசையை ஏலம் விட்டது. அதில் ஒரு பகுதி புதியவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஏலத்தில் திரண்ட தொகை 425 கோடி டொலர். எகிப்தின் ஒறாஸ்கொம் நிறுவனப் பணத்துடன் வந்த குளோபலைவ் 44 கோடி டொலருக்கு மேல் கொடுத்து உரிமம் பெற்றது. விண்ட் மொபைல் என்ற பெயரில் கடை திறக்க ஆயத்தமான வேளையில், 2009 ஒக்ரோபரில், அது கனேடியக் கட்டுப்பாட்டில் இல்லை என்று சீ.ஆர்.ரி.சி. தீர்ப்பளித்தது. டிசெம்பர் 11ஆந் திகதி அமைச்சரவை அத்தீர்ப்பைத் தள்ளிவைத்தது. ஐந்தே நாட்களில் விண்ட் சேவையை ஆரம்பித்தது. ஒப்பந்தமில்லை, சிஸ்ரம் கட்டணமில்லை. 2010இல் பப்ளிக் மொபைலும் மொபிலிசிற்றியும் தொடர்ந்தன. பெரிய மூவரும் தத்தமது மலிவுப் பெயர்களில் விலையைக் குறைக்கத் தொடங்கினர். அதுவரை முடியாது என்று சொன்னவர்கள் சில மாதங்களில் முடியும் என்றார்கள். இந்தத் துறையைப் பற்றிய என் சந்தேகங்கள் பல அந்த ஆண்டில்தான் உறுதிப்பட்டன.

குறை எங்கே இருந்தது என்றால், ஏலத்தில் விற்கப்பட்ட அலையில். விண்ட்டுக்கும் மொபிலிசிற்றிக்கும் கிடைத்தது 1700, 2100 மெகாஹேர்ட்ஸ். அதிர்வெண் கூடக்கூடச் செங்கல்லும் கொங்கிறீற்றும் மண்ணும் அலையை அதிகம் விழுங்கும். பழைய 850ஐப் போல அது நிலத்தின் கீழுள்ள அறைக்குள் இறங்காது. கோபுரங்களை நெருக்கமாக நட்டால் ஓரளவு ஈடுசெய்யலாம். அதற்குப் பணமும் காலமும் வேண்டும். பெரிய கொம்பனிகளின் கோபுரங்களில் இடம் கேட்ட பேச்சுவார்த்தைகளோ நத்தை வேகத்தில் நகர்ந்தன. விண்ட் தன் வலயத்துக்குள் ‘ஹோம்’ என்றும், வெளியே ‘அவே’ என்றும் தொலைபேசித் திரையில் காட்டியது. ‘அவே’ என்றால் தனிக் கட்டணம். மலிவான திட்டத்தை அதிகம் நாடியவர்கள் புதிதாக வந்த குடியேறிகள். அவர்களில் அநேகர் குடியிருந்தது பேஸ்மென்றுகளில். யாருக்கு அச்சேவை மிகவும் தேவையோ, அவர்களுடைய அறைக்குள்தான் அந்த அலை செல்லவில்லை.

சுவரைத் துளைக்கும் 700 மெகாஹேர்ட்ஸ் 2014 ஜனவரியில் ஏலத்துக்கு வந்தது. விண்ட் பங்குபற்ற இருந்தது. ஏலம் தொடங்குவதற்கு முதல் நாள் விலகிக்கொண்டது. அதன் வெளிநாட்டு முதலீட்டாளர் பணம் தர மறுத்துவிட்டார். மற்றைய இருவரின் கதை விரைவில் முடிந்தது: பப்ளிக் மொபைலை ரெலஸ் 2013இல் வாங்கியது, மொபிலிசிற்றி 2015இல் ரொஜர்ஸிடம் சென்றது. விண்ட்டை 160 கோடி டொலருக்கு ஷோ நிறுவனம் 2016இல் வாங்கி, அவ்வாண்டு நவம்பரில் ‘பிரீடம்’ என்று பெயர் மாற்றியது. 2017இல் அது கியூபெக்கின் விடியோற்றோனிடமிருந்து 700 மெகாஹேர்ட்ஸ் உள்ளிட்ட அலைவரிசையை 43 கோடி டொலருக்கு வாங்கிய பின்னரே பிரீடத்துக்குச் சுவர் கடக்கும் வல்லமை வந்தது. 2023 ஏப்ரலில், ரொஜர்ஸ் ஷோவை விழுங்கியபோது, பிரீடத்தை 285 கோடி டொலருக்கு வாங்கியவர் யார் தெரியுமா? அலையை விற்ற அதே விடியோற்றோன்!

இதற்கிடையில் 2013 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த விதிக்கோவை மூன்றாண்டு ஒப்பந்தத்தை ஈராண்டுக்கு மேல் கட்டுப்படுத்தாதவாறு செய்தது. 2017 டிசெம்பர் முதல் தொலைபேசியைத் திறந்துவிடக் கட்டணம் அறவிடவும் தடை வந்தது.

மைத்துனரின் விடயத்துக்கு வருகிறேன். அந்த நவம்பரில் அவருடைய தாயார் யாழ்ப்பாணத்தில் காலமானார். ஊரிலிருந்து பல தடவை அழைத்திருக்கிறார்கள். யன்னல் விளிம்பிலிருந்த அந்த ஒரு கோடும் அன்றிரவு இல்லை. மேல் வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணை யாரோ தேடிப் பிடித்து அழைத்த பின்னரே செய்தி வந்தது. விடியற்காலையில் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அடுத்த மாதமே அவர் இரட்டிப்புக் காசு கொடுத்துப் பழைய கொம்பனிக்குத் திரும்பினார்.

அதன் பிறகு சொந்த வீடு வாங்கி நிலத்துக்கு மேலே ஏறிவிட்டார். மூன்று தடவை கொம்பனி மாறினார். சென்ற ஆண்டு பேசியபோது இப்போது எந்தக் கொம்பனி என்று கேட்டேன். “பொறும் மச்சான், பில்லைப் பாத்துச் சொல்லுறன்” என்றார். நான் அழைத்தது 2010இல் அவர் தந்த அதே எண்ணை.