மைலும் மணியும்

இரண்டு ஊர்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால் இக்காலத்தில் யாரும் மைல் கணக்குச் சொல்வதில்லை, மணிக்கணக்குத்தான் சொல்கிறார்கள். ஆகாய விமானத்தில் லண்டனிலிருந்து பாரிஸுக்கு ஒன்றேகால் மணி; சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு, அதாவது இன்றைய கொல்கத்தாவுக்கு, இரண்டேகால் மணி. கேட்பதற்குச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரயாணம் விமான நிலையத்திலா ஆரம்பமாகிறது? வீட்டு வாசலில் அல்லவா ஆரம்பமாகிறது!

சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்கு வானத்தில் நேர்கோடு இழுத்து அளந்தால் சுமார் 1,850 கிலோமீட்டர். 1920-களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள், உறவினர்கள், தீப்பெட்டித் தொழில் கற்க அந்த ஊருக்குப் புறப்பட்டார்கள். வானம் பார்த்த கரிசல் பூமி அவர்களுடையது. மழை ஏமாற்றினால் பிழைப்புக்கு வேறு வழி தேடத்தான் வேண்டும். நம் வீட்டு அடுப்பை மூட்டும் தீக்குச்சியோ அந்நாளில் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்துகொண்டிருந்தது.

அன்று சிவகாசிக்கு ரயில் கிடையாது. 1923-ல் விருதுநகர் என்று பெயர் மாறிய விருதுப்பட்டிக்குச் சாலை வழியே வந்துதான் ரயில் ஏற வேண்டும். மீட்டர் கேஜ் வண்டி மதுரை, திருச்சி வழியாக எழும்பூரில் கொண்டுபோய் இறக்கும். மூட்டை முடிச்சுடன் சென்ட்ரலுக்குப் போய் அகலப் பாதை வண்டியைப் பிடித்தால், கிருஷ்ணா, கோதாவரி, மகாநதி எல்லாம் தாண்டி ஹௌரா. எப்படிப் பார்த்தாலும் மூன்று நாளுக்குக் குறையாது.

போனவர்கள் ஏறக்குறைய எட்டு மாதம் தங்கி, தொழிலைக் கற்றுக்கொண்டே திரும்பினார்கள். கல்கத்தா இரண்டு மணி நேரத்து ஊராக இருந்திருந்தால், பாஷை தெரியாத இடத்தில் நாலே நாளில் சலித்துத் திரும்பியிருப்பார்களோ என்னவோ! தூரமும் ஒருவகையில் அவர்களைப் பிடித்து வைத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் கொண்டுவந்த வித்தையிலிருந்து தீப்பெட்டியும், பிறகு பட்டாசும், அச்சுத் தொழிலும் அந்த வட்டாரத்தில் வளர்ந்தன.

பின்னர் தூரம் சுருங்க ஆரம்பித்தது. 1927-ல் விருதுநகர் - தென்காசிப் பாதை திறக்கப்பட்டு, சிவகாசிக்கும் ரயில் வந்தது. 1932 அக்டோபரில் டாட்டாவின் சிறு விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்குத் தபால் சுமந்து வந்தது. இன்று சிவகாசிக்காரர் சுமார் 70 கிலோமீட்டர் சாலையில் போனால் மதுரையில் விமானம் ஏறிவிடலாம்.

அவர் ஏறலாம், அவர் ஊர்ச் சரக்கு ஏற முடியாது. பட்டாசை விமானப் பிரயாணி கொண்டுபோகக் கூடாது. பிரயாணிகள் ரயிலில் எடுத்துச் செல்வதும் குற்றம். தீபாவளிக்கு வடதேசம் போக வேண்டிய மத்தாப்பு லாரியில்தான், நாள்கணக்கில், வெயிலுக்கும் பொறிக்கும் அஞ்சி அஞ்சிப் போகிறது. நியாயமான கட்டுப்பாடுதான். வெடிமருந்தின் குணம் அத்தகையது. அதன் நடுவே உட்கார்ந்து உயிரையே விலை கொடுத்த தொழிலாளர்கள் எத்தனை பேர்!

ஆகவே, உலகம் சுருங்கிவிட்டது என்று யாராவது சொன்னால், யாருக்குச் சுருங்கியது என்று கேட்கத் தோன்றுகிறது. ஆளுக்குச் சுருங்கியது, கடிதத்துக்குச் சுருங்கியது. லாரியில் பட்டாசுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறவனுக்கு மைல் இன்னும் மைலாகவே இருக்கிறது.